கேள்விக் காப்பு

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் அறிவகம். பல்கலைக்கழகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எதைக் கொண்டுபோய்க் கேட்டாலும் 'அது எனக்கு அப்பவே தெரியும்' என்கிற தோரணையில் பதில் சொல்வதால், ஆராய்ச்சி மாணவர்கள் அதைப் பெரியப்பா என்று கூப்பிட்டார்கள். முதலில் அதைக் கேட்டுச் சிரித்த பேராசிரியர்களும் பிறகு அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியப்பா வந்த புதிதில் முனைவர் பட்டத்துக்கு வந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் தலைப்பைக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முந்நூறு பக்க ஆய்வேடு தயார். மேற்கோள், அடிக்குறிப்பு, நெறியாளருக்கு உருக்கமான நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். படித்து எழுதியவர் யார், படிக்காமல் எழுத வைத்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அறிவியல் துறைகளாவது சோதனைக்கூடத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டன. இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றை இழுத்து மூடிவிடலாம் என்கிற நிலை வந்தபோது, ஒரு குழு உட்கார்ந்து யோசித்து ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதுதான் கேள்விக் காப்பு.

விதி எளிமையானது. மாணவர் ஒரு கேள்வியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகிற அன்றே பெரியப்பா அதற்குரிய பதிலை முடிவு செய்து தனக்குள் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் கேள்விக்கு அது வாய் திறக்காது. மாணவர் கேட்டாலும் சரி, மந்திரி கேட்டாலும் சரி. தேர்வு நடந்து முடிந்தாலோ, மாணவர் இடையில் விலகிக்கொண்டாலோதான் காப்பு நீங்கும். ஐந்து வருடம் கழித்துப் பொது வாய்மொழித் தேர்வில் மாணவர் தன் முடிவைச் சொல்வார். அடுத்துப் பெரியப்பா தன் பதிலைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பட்டம் கிடையாது, ஆய்வேடும் செல்லாது. இயந்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கண்டுபிடிக்க மனிதன் எதற்கு என்பது குழுவின் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. மாணவர்கள் உண்மையைத் தேடுவதை விட்டுவிட்டு, பெரியப்பாவுக்குத் தோன்றாதது எது என்று தேடத் தொடங்கினார்கள். தாலாட்டு என்பது குழந்தையை மிரட்டுவதற்காகவே உண்டானது என்று ஒருவர் எழுதிப் பட்டம் வாங்கினார். கல்வெட்டுகள் யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக வெட்டப்பட்டவை என்று எழுதி இன்னொருவர் வாங்கினார். அவர்களுக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்பது நாகரிகமில்லை. வாங்கியவர்கள் எல்லாரும் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

சுகிர்தா வாய்மொழி வரலாற்றுத் துறையில் சேர்ந்தபோது அவள் பதிவு செய்த கேள்வி இது: மணக்குடா மக்கள் தங்கள் ஊரைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

மணக்குடா கடலோரத்தில் இருந்த ஊர். கடல் ஏறி வந்து அதை எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த குடும்பங்களை அரசாங்கம் வெகுதூரம் உள்ளே தள்ளி, எட்டாம் நகர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுவந்து வைத்தது. அது நடந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊரை இழந்தவர்கள் சாதாரணமாக ஊர்க் கதை பேசியே பொழுதைக் கழிப்பார்கள். மணக்குடாக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். தாங்க முடியாத துக்கம் அவர்கள் வாயைக் கட்டிவிட்டது என்று முன்பே இரண்டு பேர் ஆய்வேடு எழுதியிருந்தார்கள். அதெல்லாம் காப்பு விதிக்கு முந்தைய காலம்.

சுகிர்தா எட்டாம் நகரில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினாள். பக்கத்து வீடு பவுனம்பாளுடையது. ஐம்பதை நெருங்கும் பெண், கணவர் இல்லை, நர்ஸ் படிப்பில் சேரவிருந்த தேன்மொழி என்ற மகள் ஒருத்தி. இரண்டு வருடம் பழகியும் பவுனம்பாள் குழம்புப் பக்குவம் சொன்னாளே தவிர ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் அவள் ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் கதவின் மேல்பக்கத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாளை அடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு இருந்தன. மணக்குடாக்காரர்கள் வீடுகளில் எல்லாம் அப்படித்தான் என்பது அப்போதுதான் சுகிர்தாவுக்கு உறைத்தது.

"ரெண்டு இருக்கே அக்கா, இன்னொண்ணு எதுக்கு?"

"இருந்துட்டுப் போவட்டும்."

"இங்க திருட்டு பயம்கூட இல்லையே."

பவுனம்பாள் இறங்கிவந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க எங்களுக்குக் கதவே கெடையாதும்மா. பண்ணை வீடு. ஓலைத் தட்டி ஒண்ணு சாத்தி வெச்சிருக்கும். இறால் புடிக்கிற நாளுன்னா பண்ணை ஆளு விடியறதுக்கு முன்னாடி வருவான். தட்டியத் தள்ளிட்டு உள்ள வந்து கால்ல ஒதைச்சு எழுப்புவான். பொம்பளைங்க எப்படிப் படுத்துக் கெடக்கறோம்னு பாக்கறதில்ல. எங்கம்மா முந்தானைய ரெண்டு சுத்து இறுக்கிச் சுத்திக்கிட்டுதான் தூங்கும்."

"பண்ணையா? நீங்கல்லாம் கடலுக்குப் போறவங்கன்னுதானே எழுதியிருக்கு?"

"யாரு எழுதுனா? எங்கள்ல ஒருத்தருக்கும் படகு கெடையாது. வாங்குன முன்பணத்துக்குப் பண்ணையில கெடந்தோம்."

"இதை ஏங்கா இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? வர்றவங்க எல்லாம், ஊரு போச்சேன்னு வருத்தமா இருக்கான்னுதான் கேக்கறாங்க. கடலு வந்தன்னிக்கு லாரியில மொத ஆளா ஏறுனது எங்கம்மா. ஏறி உக்காந்துட்டு சிரிச்சுச்சு. எனக்கு அப்ப பத்துப் பன்னண்டு வயசிருக்கும், நல்லா ஞாபகம் இருக்கு. அதைப் போயி வெளியில சொல்ல முடியுமா? ஊரு முங்குனதுக்கு சந்தோஷப்பட்ட சனங்கன்னு பேசமாட்டாங்க?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பேசினார்கள். பேச்சு ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. சுகிர்தாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர்கள் ஊரைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் துக்கம் இல்லை. அந்த ஊர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அது போனதில் அவர்களுக்கு நிம்மதி, அதைச் சொல்லத்தான் வெட்கம்.

அந்தச் சமயத்தில்தான் தாய்மண் திட்டம் வந்தது. கடலுக்குச் சுவர் எழுப்பி, மண் கொட்டி, மணக்குடாவை மீட்டுவிட்டார்கள். துக்கத்தில் பேச்சிழந்த மக்களைச் சொந்த மண்ணில் மறுபடி குடியேற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. எட்டாம் நகரில் பாதிப் பேர் முதல் கட்டத்தில் போக வேண்டும், மீதிப் பேர் இரண்டாம் கட்டத்தில். போனபின் அங்கே பிழைப்புக்கு வழி? இறால் பண்ணைகள் திரும்பத் திறக்கப்படும் என்று அதே அறிவிப்பில் இருந்தது.

சுகிர்தா செலவு பார்க்காமல் ஆட்டோ பிடித்து ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடினாள். திட்ட அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாகூட இருக்கலாம்மா. ஆனா இது ஆய்வா, உங்க அபிப்பிராயமா? எங்ககிட்ட இருக்கற ரெண்டு ஆய்வும் துக்கம்னுதான் சொல்லுது. அவங்க ஏன் பேசறதில்லன்னு அறிவகத்தையும் கேட்டுப் பாத்தோம், அது ஒண்ணும் சொல்லல. நீங்க பட்டம் வாங்குங்க. ஆய்வேடு பதிவாகட்டும். அப்ப அது ஆதாரம், ரெண்டாம் கட்டத்தை நிறுத்த நானே எழுதுறேன்."

முதல் கட்டத்தில் பவுனம்பாளின் வீடும் இருந்தது. வேன் வந்த அன்று அவள் அழவில்லை. தேன்மொழி மட்டும் பாடப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மணக்குடாவிலிருந்து கல்லூரிக்குப் போகப் பேருந்து இல்லை. சில மாதத்தில் அவள் படிப்பை விட்டுவிட்டு இறால் உரிக்கும் கொட்டகையில் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. ஆய்வை எப்படியாவது முடித்து மீதிப் பேரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வெறி பிடித்தவள் போல எழுதினாள்.

நெறியாளர் அறவாழி ஆய்வேட்டைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மாணவர்களுக்காகப் பதிவாளரிடம் சண்டை போடுகிறவர், ஒரு மாணவரையும் பெரியப்பாவிடம் தோற்கவிட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

"நல்லா எழுதியிருக்கேம்மா. முடிவை மட்டும் மாத்திரு."

"எப்படி ஐயா?"

"மௌனம்ங்கறது அவங்க கடலுக்குச் செய்யற ஒரு படையல். பேச்சையே காணிக்கையாக் குடுத்துட்டாங்க. இப்படி முடி. பெரியப்பாவுக்குச் சத்தியமா தோணாது."

"அது உண்மையில்லையே ஐயா."

"உண்மையில்லன்னு யாரு நிரூபிக்கப் போறா?"

"பவுனம்பாள் அக்கா சொல்லுவாங்க."

அறவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு சுகிர்தா. கஷ்டப்பட்ட எடத்தைப் பத்தி யாரும் ஆசையாப் பேசமாட்டாங்க. சின்னப் பிள்ளைக்கும் தோணற பதிலு இது. அதுக்குத் தோணாம இருக்குமா?"

"அவங்க பண்ணையில கெடந்ததே எங்கயும் பதிவாகல ஐயா. எல்லாத்துலயும் மீனவர் குடும்பம்னுதான் இருக்கு. கூடவே குடியிருந்த எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. எட்டாம் நகர் பக்கமே வராத ஒண்ணுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா? பட்டமும் போச்சு, ஆய்வேடும் செல்லாது. அந்த அதிகாரிகிட்ட எதைக் கொண்டுபோய்க் காட்டுவ?"

"மாத்தி எழுதிப் பட்டம் வாங்கினாலும் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காதே ஐயா. படையல்னு எழுதினா, ரெண்டாம் கட்டத்தை இன்னும் சீக்கிரமா நடத்துவாங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வாய்மொழித் தேர்வுக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

வாய்மொழித் தேர்வு என்றால் எங்கள் பக்கத்தில் அது பாதி கல்யாணம். மேடையில் பேனர், புறத்தேர்வாளருக்குச் சால்வை, வருகிறவர்களுக்கு வடையும் கேசரியும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. விதியை நம்பி விட்டுவிட முடியாது என்பதால், கேட்க வேண்டிய கேள்விகளை நெறியாளரே எழுதி இளைய மாணவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். 'தங்கள் ஆய்வின் எதிர்காலப் பயன் யாது' என்று ஒருவர் எழுந்து கேட்பார். மாணவர் மனப்பாடமாகப் பதில் சொல்வார். எல்லாரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

அன்றும் அப்படித்தான் ஏற்பாடு. வழக்கத்துக்கு மாறாக, பின்வரிசையில் பவுனம்பாளும் மணக்குடாவிலிருந்து இன்னும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தாதான் அழைத்திருந்தாள். தேர்வு தொடங்குமுன் அவர்களிடம் போய்ப் பேசினாள்.

"புது வீடு எப்படிக்கா இருக்கு?"

"கதவெல்லாம் போட்டுத்தான் குடுத்திருக்காங்க" என்றாள் பவுனம்பாள். "இப்ப பண்ணை ஆளுங்க வந்து தட்டறாங்க. தொறக்காம இருக்க முடியுமா? நீ போயி நல்லாப் பேசு. பயப்படாத."

சுகிர்தா நன்றாகவே பேசினாள். படங்களையும் அட்டவணைகளையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதை அவர்கள் சொன்ன விதத்திலேயே சொன்னாள். பண்ணை வீடு, ஓலைத் தட்டி, லாரியில் ஏறிச் சிரித்த பெண். முடிவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அறவாழியே சால்வையை மறந்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறத்தேர்வாளர் கதீஜா ஷெரீப் மேசையிலிருந்த ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பிக் கேள்வியைப் படித்தார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியான குரலில் பெரியப்பா பேசியது.

"மணக்குடா மக்கள் அந்த ஊரை நேசிக்கவில்லை. கடல் புகுந்த அன்று மற்ற ஊர்களில் மக்களை வெளியேற்றக் காவல்துறை தேவைப்பட்டது. மணக்குடாவில் லாரிகள் வருமுன்பே மக்கள் சாலையில் காத்திருந்தார்கள். அந்த ஊர் மருத்துவமனைப் பதிவுகளில் கடலில் ஏற்படும் காயங்கள் இல்லை. இறால் பண்ணைகளில் ஏற்படும் கைப்புண்கள் இருக்கின்றன. எட்டாம் நகருக்கு வந்த முதல் மாதத்தில், சுற்றியுள்ள இரும்புக் கடைகளில் விற்ற தாழ்ப்பாள்கள் வீடுகளைவிட அதிகம். அவர்கள் கொத்தடிமைகளாக இருந்திருக்க வேண்டும். ஊர் அழிந்ததில் அவர்களுக்கு நிம்மதி. அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். திரும்பிப் போக விரும்ப மாட்டார்கள்."

கதீஜா ஷெரீப் கையிலிருந்த ஆய்வேட்டை மூடி வைத்தார். பிறகு எழுந்து, இரண்டு முடிவுகளும் ஒன்றே என்றும், விதிப்படி பட்டம் பரிந்துரைக்க இயலாது என்றும், இந்த அரங்கத்தில் இதைச் சொல்ல நேர்ந்ததற்குத் தான் வருந்துவதாகவும் சொன்னார்.

சுகிர்தாவுக்கு வலித்தது. ஐந்து வருடம், பாதி இளமை, கிடைப்பதாக இருந்த கல்லூரி வேலை எல்லாம் போயிற்று. அறவாழி அவள் பக்கம் குனிந்தார்.

"மனசை விட்றாத. ஒண்ணை யோசிச்சுப் பாரு. தேர்வு முடிஞ்சு காப்பு நீங்கிடுச்சு. பெரியப்பாவே திரும்பிப் போக மாட்டாங்கன்னு சொல்லிருச்சு. உன் ஆய்வேட்டைவிட அந்த அதிகாரி அதை நம்புவார். ரெண்டாம் கட்டம் நின்னுடும்மா."

அது உண்மை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதிப் பேராவது தப்பித்தார்களே என்று இருந்தது. பட்டம் போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடத்தில் மனதாரத்தான் நினைத்தாள்.

"பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்" என்றார் கதீஜா. எழுதி வைத்த கேள்விகளோடு இருந்த இளைய மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்றுப்போன ஆய்வின் எதிர்காலப் பயன் என்ன என்று யார் எழுந்து கேட்பது? பின்வரிசையில் பவுனம்பாள் எழுந்தாள்.

"அம்மா, அதுகிட்ட நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கம்மா."

அவள் நடுவழியில் நடந்து முன்னால் வந்து ஒலிபெருக்கியைப் பார்த்து நின்றாள். "எங்க வூட்டுக்குள்ள வந்து பாத்த மாதிரி சொல்ற. இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கேள்வி பதிவான நாளிலிருந்து. ஐந்து ஆண்டுகளுக்கு முன்."

"எங்களைக் கொண்டுபோயி அங்க விட்டு ரெண்டு வருஷம்தானே ஆவுது. விட்டவங்க யாரும் உன்னக் கேக்கலையா?"

"கேட்டார்கள். திட்டம் வகுத்த அலுவலகம் பலமுறை கேட்டது. முதல் கட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரமும் கேட்டது. அந்தக் கேள்விக்குக் காப்பு இருந்தது. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"காப்புன்னா?"

பெரியப்பா பதில் சொல்லுமுன் சுகிர்தா எழுந்துவிட்டாள். மற்றவர் சொல்லிப் பவுனம்பாள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாள்.

"நான் போட்டதுக்கா. நான் அந்தக் கேள்வியைப் பதிவு பண்ணினதால, வேற யாருக்கும் அது பதில் சொல்லக் கூடாதுன்னு விதி. நான் பாத்து எழுதிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

"நடுவுல எடுக்க முடியாதா?"

"முடியும். எனக்குப் பட்டம் வேணாம்னு விலகியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பாங்க."

"வேன் வந்தன்னிக்கு எடுத்திருந்தா?"

"போயிருக்க மாட்டீங்கக்கா."

பவுனம்பாள் அவளையே பார்த்தாள். "தோணலையா உனக்கு?"

"தோணவே இல்லக்கா."

அது பொய்யில்லை. சுகிர்தாவுக்குத் தோன்றவில்லை, அறவாழிக்குத் தோன்றவில்லை, அதிகாரி அறிவகம் ஒன்றும் சொல்லவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னபோதும் தோன்றவில்லை. அந்த அரங்கத்தில் இருந்த படித்தவர்கள் அத்தனை பேருக்கும் காப்பு என்பது வினாத்தாள் மாதிரி. தேர்வு நாள் வரைக்கும் வினாத்தாளைப் பிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று இரண்டு வருடமாக உயிரைக் கொடுத்து எழுதியவளும் நினைக்கவில்லை.

பவுனம்பாள் கோபித்துக் கத்தியிருந்தால் சுகிர்தாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கிட்டே வந்து, கலைந்திருந்த சுகிர்தாவின் முந்தானையை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுவிட்டாள்.

"அஞ்சு வருஷமா எங்கிட்ட எவ்வளவோ கேட்ட. நாங்க என்ன தின்னோம், எப்படித் தூங்குனோம், எல்லாத்தையும் கேட்ட. காப்ப எடுக்கவா வேணாமான்னு மட்டும் கேக்கலையே. கேட்டிருந்தா, எம் மவ தேனு படிப்பும் உம் படிப்பும் ஒண்ணுதான், பரவால்ல நீ முடின்னுகூடச் சொல்லியிருப்பேன். நீ கேக்கல."

பவுனம்பாள் கூட வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கம்மா என்று அறவாழி வாசல் வரை பின்னாலேயே போய்ச் சொன்னார். அவர்கள் நிற்கவில்லை. சாயங்காலம் இறால் வந்து இறங்குவதற்குள் மணக்குடா போய்ச் சேர வேண்டும்.